ஊசிமுனையில் தங்கியிருக்கும் தட்டின் ஆயுள்

டீஜே கலையில் இறங்கும் இளையோரும் அவர்தம் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவை

இசைத்தட்டின் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் முடிவுகட்டிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஒலிநாடா வந்தது, இறுவட்டு வந்தது, பின்னர் கைத்தொலைபேசிக்குள்ளேயே பாட்டு வந்து குடியேறியது. ஆயினும் கறுப்பு வைனில் தட்டு தன் இடத்தை முற்றாக விட்டுக்கொடுக்கவில்லை. லண்டன், பாரிஸ், பேர்லின், ரொறன்ரோ போன்ற நகரங்களின் இசைக் கடைகளில் பழைய தட்டுகளும் புதிதாக அச்சாகும் தட்டுகளும் இன்று அருகருகே விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றை இரண்டு சுழற்றிகளில் ஏற்றி, ஒன்றின் தாளத்தோடு மற்றொன்றின் தாளத்தை இணைத்து இசைப்பதே டீஜே கலை. புலம்பெயர்ந்த மண்ணில் வளரும் எமது பிள்ளைகளிலும் சிலர் இக்கலையில் நாட்டங்கொண்டு, பகுதிநேர வேலையில் உழைத்த பணத்தை அதற்கென ஒதுக்குகின்றனர்.

இவ்வாறு புதிதாகத் தொடங்குவோர் தமது பணத்தின் பெரும்பகுதியைச் சுழற்றிக்கும் மிக்சருக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுவதே வழக்கம். எஞ்சும் சில்லறையில் ஊசியை வாங்குவர். அல்லது பழைய சுழற்றியோடு கூடவே வந்த ஊசியைத் தொடர்ந்து பாவிப்பர். இந்த முறை தலைகீழானது என்பதே எமது கருத்து. இத்தனை கருவிகளுள்ளும் தட்டின் சாலைத் தொடுவது ஊசி ஒன்றே. ஒலிபெருக்கி பழுதடைந்தால் திருத்தலாம். மிக்சர் பழுதடைந்தால் வேறொன்று வாங்கலாம். தேய்ந்த ஊசி தட்டின் உட்சுவரைச் சுரண்டிவிட்டால் அச்சுவரை மீளக் கட்டும் வித்தை எவரிடமும் இல்லை. அத்தட்டு இனி அச்சிடப்படாத ஒன்றாயின் இழந்தது இழந்ததுதான்.

ஆகவே எந்த வேலைக்கு எந்த ஊசி, அதன்மீது எவ்வளவு பாரம், அதனை எப்போது மாற்றுவது ஆகிய மூன்று கேள்விகளையும் இங்கு ஒழுங்காக நோக்குவோம்.

சாலுக்குள் நடப்பது என்ன?

இசைத்தட்டின் முகத்தில் இருப்பது, ஏர் உழுத சாலைப் போன்ற ஒரே நீண்ட பள்ளமாகும். பார்வைக்குப் பல வட்டங்களாகத் தோன்றினும், அது வெளி ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே சால். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடுமாயின், தட்டு ஏறத்தாழ 667 தடவை சுற்றுகின்றது. அதற்குள் ஊசி கடக்கும் தூரம் 400 மீற்றருக்கும் அதிகம். ஓட்டப் பந்தயத் திடலை ஒருமுறை முழுமையாகச் சுற்றி வருவதற்கு அது ஒப்பாகும்.

சாலின் இரு சுவர்களும் 45 பாகைச் சரிவில் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் அமைந்துள்ளன. ஸ்ரீரியோ ஒலியின் இடப்பக்கம் ஒரு சுவரிலும் வலப்பக்கம் மறு சுவரிலும் நெளிவுகளாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. இந்த நெளிவுகளை வருடிச் செல்வது மிகச் சிறிய வைர முனை. அம்முனை மெல்லிய உலோகத் தண்டொன்றின் நுனியில் பொருத்தப்பட்டுள்ளது. டீஜேக்கள் பாவிக்கும் பெரும்பாலான காட்றிஜ்களில், அத்தண்டின் மறு முனையில் நுண்ணிய காந்தமொன்று இருக்கின்றது. முனை அசையக் காந்தமும் அசைகின்றது; அருகிலுள்ள கம்பிச்சுருள்களில் சிறு மின்னோட்டம் பிறக்கின்றது. இச்சுருள்களையும் ஊசியையும் தாங்கிநிற்கும் சிறு பெட்டியையே காட்றிஜ் என்கின்றோம்.

இங்கு பிறக்கும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ற் மாத்திரமே. அத்துடன், தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகின்றனர். இதனைச் சமன்செய்து பெருக்கும் ஏற்பாடு மிக்சரின் 'போனோ' எனக் குறிக்கப்பட்ட துளைக்குப் பின்னால் உண்டு. சுழற்றியின் வயரை 'லைன்' என்ற துளையில் செருகிவிட்டு, ஊசி சரியில்லை என்று குறை கூறுவது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகும். சுழற்றியோடு தனியாக வரும் மெல்லிய நில வயரை மிக்சரில் பூட்ட மறந்தாலும் இடைவிடாத இரைச்சல் கேட்கும். ஊசி வாங்கப் புறப்படுமுன் இவ்விரண்டையும் சரிபார்த்தல் நன்று.

புரொங்ஸ் இளைஞர் கற்பித்த பாடம்

இக்கலை வசதி படைத்தோரின் மாளிகைகளில் பிறந்ததன்று. நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், பெரிதும் வறிய குடும்பங்களும் குடிபெயர்ந்து வந்த குடும்பங்களும் நெருங்கி வாழ்ந்த தொடர்மாடிகளில் பிறந்தது. யமேக்காவின் கிங்ஸ்ரன் நகரில் பிறந்து 1967 இல் அங்கு வந்து சேர்ந்த கிளைவ் காம்பெல் என்ற இளைஞரே டீஜே கூல் ஹேர்க் எனப் புகழ்பெற்றவர். 1973 ஆகஸ்ட் 11 ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520 ஆம் இலக்கத் தொடர்மாடியின் பொது அறையில் அவருடைய தங்கை சின்டி ஒரு கொண்டாட்டத்தை ஒழுங்கு செய்தார். பாடசாலை தொடங்குமுன் புதிய உடுப்பு வாங்கப் பணம் சேர்ப்பதே அவரது நோக்கம். அண்ணன் தட்டுகளைச் சுழற்றினார். ஒரே தட்டின் இரு பிரதிகளை மாறி மாறி இசைத்து, ஆடுவோர் விரும்பும் தாளப் பகுதியை மாத்திரம் நீட்டும் முறையை வளர்த்தெடுத்தவர் அவரே. ஹிப் ஹொப் இசையின் பிறந்தநாளாக இன்று அந்நாளையே கொண்டாடுகின்றனர்.

பார்படோஸ் தீவில் பிறந்து புரொங்ஸில் வளர்ந்த ஜோசப் சாட்லர், அதாவது கிராண்ட்மாஸ்ரர் பிளாஷ், மின்னியல் கற்ற இளைஞர். தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது ஊசி ஏன் சாலைவிட்டுத் துள்ளுகின்றது என்பதை அவர் ஆராய்ந்தார். நீள்வட்ட முனையின் ஒலி நன்றாயிருந்தபோதிலும் அது சாலில் நிலைக்கவில்லை என்றும், உருண்டை முனையே பிடிவாதமாக நின்றது என்றும் அவர் கண்டறிந்தார். சுழற்றியின் இறப்பர் விரிப்புத் தட்டை இறுகப் பிடிப்பதையும் அவர் அவதானித்தார். அவருடைய தாயார் தையற் தொழில் செய்தவர். ஆதலால் துணிவகைகள் அவருக்குப் பழக்கமானவை. கம்பளித் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சிப்பசை தெளித்து விறைப்பாக்கித் தட்டின் கீழ் வைத்தார். தட்டு இலகுவாக வழுக்கியது. இன்று உலகெங்கும் டீஜேக்கள் பாவிக்கும் வழுக்கு விரிப்புக்கு அது முன்னோடியாயிற்று.

1975 ஆம் ஆண்டளவில் அதே புரொங்ஸில், கிராண்ட் விசார்ட் தியடோர் என்ற சிறுவர், ஓடிக்கொண்டிருந்த தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தபோது எழுந்த ஒலியையே இசையாக்கினார். அதுவே ஸ்கிராச். பின்னாளில், கலிபோர்னியாவின் டேலி சிட்டிப் பகுதியில் பிலிப்பைன்ஸ் குடிவரவாளரின் பிள்ளைகள் நடமாடும் டீஜே குழுக்களை அமைத்தனர். திருமணங்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும் தட்டுச் சுழற்றிப் பழகிய அச்சமூகத்திலிருந்து கியூபேர்ட் போன்ற உலகப் புகழ்பெற்ற ஸ்கிராச் கலைஞர்கள் தோன்றினர்.

இவ்வரலாற்றை இங்கு கூறுவதற்குக் காரணம் உண்டு. இவர்கள் எவரும் விலையுயர்ந்த பொருளைத் தேடி ஓடவில்லை. தாம் செய்யும் வேலை எதுவென்று முதலில் அறிந்து, அவ்வேலைக்கு எந்த ஊசி பொருந்தும் என்று பார்த்தனர். ஊசி தெரிவின் முதல் விதியும் அதுவே.

உருண்டை முனையா, நீள்வட்ட முனையா?

உருண்டை முனையின் நுனி ஒரு சிறு பந்தின் பகுதியைப் போன்றது. அதன் ஆரை பொதுவாக 18 மைக்ரோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் பதினெட்டுப் பங்கு. நீள்வட்ட முனையோ பக்கவாட்டில் ஏறக்குறைய அதே ஆரையையும், சாலின் போக்கில் 8 மைக்ரோமீற்றர் அளவிலான ஒடுங்கிய ஆரையையும் கொண்டது. ஒடுங்கிய அந்த விளிம்பு, உருண்டை முனை எட்ட முடியாத சிறு நெளிவுகளுக்குள்ளும் நுழைந்து வருகின்றது. எனவே உயர்ந்த ஒலிகள் தெளிவாகக் கேட்கின்றன.

தட்டின் நடுப்பகுதியை அண்மிக்கும்போது இவ்வேறுபாடு மேலும் புலப்படும். ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் மாறுவதில்லை. ஆனால் வட்டம் சிறுத்துவிடுகின்றது. 33⅓ சுற்றில் வெளி ஓரத்தில் செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஓடும் சால், உள் ஓரத்தில் அதன் அரைவாசிக்கும் குறைந்த வேகத்திலேயே ஓடுகின்றது. அதே அளவு ஒலி குறைந்த தூரத்துக்குள் நெருக்கிப் பதியப்படுகின்றது. ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு சற்றுக் கரகரப்பாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்விடத்தில் நீள்வட்ட முனையே சிறந்தது.

அவ்வாறாயின் அனைவரும் நீள்வட்ட முனையையே வாங்கலாமே என வாசகர் கேட்கக்கூடும். வீட்டில் அமைதியாக இருந்து கேட்பவர் வாங்கலாம், வாங்கவும் வேண்டும். தட்டைப் பின்னோக்கி இழுப்பவருக்கு அது பொருந்தாது. ஊசியின் தண்டு முன்னோக்கி ஓடும் சாலைப் பின்தொடர்வதற்கென்றே சாய்வாக அமைக்கப்பட்டது. தட்டு பின்னோக்கி நகரும்போது அது எதிர்த்திசையில் தள்ளப்படுகின்றது. ஒடுங்கிய விளிம்பு அப்போது சுவரைக் கூடுதலாக அராவுகின்றது. எளிதில் துள்ளவும் செய்கின்றது. உருண்டை முனை அகன்று படிவதால் இரு திசையிலும் பொறுத்துப் போகும்.

சுருங்கக் கூறின், கேட்பதற்கு நீள்வட்டம், சுரண்டுவதற்கு உருண்டை. தட்டை நிறுத்தித் தொடக்க இடத்தைத் தேடி, இரு பாட்டுகளை இணைப்பதோடு நின்றுவிடும் டீஜே இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். அவர் அடிக்கடி பின்னிழுப்பவராயின் உருண்டை முனையே பாதுகாப்பானது.

பெயர்பெற்ற சில காட்றிஜ்கள்

கருவிகளின் உதவியின்றி வீட்டிலேயே கழற்றி மாற்றக்கூடிய ஊசிக்கு முன்னோடியாக விளங்கியவர் அமெரிக்கரான வோல்ரர் ஸ்ரான்ரன். அவரது நிறுவனத்தின் 500 வரிசைக் காட்றிஜ்கள் ஒரு காலத்தில் நடன மண்டபங்களின் பொதுச் சொத்தாகவே விளங்கின. தடித்த தண்டு, உருண்டை முனை, முரட்டுக் கைகளையும் தாங்கும் உறுதி ஆகியன அவற்றின் சிறப்புகள்.

சிக்காக்கோவில் 1925 இல் தொடங்கப்பட்ட ஷுவர் நிறுவனம் 1960களில் எம் 44 வரிசையை வெளியிட்டது. அது வீட்டில் இசை கேட்போருக்கென உருவாக்கப்பட்டது. ஆயினும் அவ்வரிசையின் எம் 44-7 என்ற வகையைப் பிற்காலத்து ஸ்கிராச் கலைஞர்கள் தமதாக்கிக்கொண்டனர். எவ்வளவு வேகமாகத் தட்டை அசைத்தாலும் அதன் ஊசி சாலைவிட்டு இலகுவில் வெளியேறாது. அது தரும் மின்னழுத்தமும் 9.5 மில்லிவோல்ற் அளவில் மிகுந்திருந்தது. ஏற்கவேண்டிய பாரம் 1.5 முதல் 3 கிராம் வரையே என்பது அதன் மற்றொரு நன்மை.

டென்மார்க்கில் 1918 இல் தோன்றிய ஓர்ட்டோபோன் நிறுவனம் 1979 இல் கொன்கோர்ட் என்ற காட்றிஜை வெளியிட்டது. ஒலியை விஞ்சிப் பறந்த கொன்கோர்ட் விமானத்தின் மூக்கை ஒத்த வடிவம் அதற்கு. விமானம் 2003 இல் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. ஊசியோ இன்றும் உற்பத்தியாகின்றது. ஏனைய காட்றிஜ்களை ஹெட்ஷெல் எனப்படும் தாங்கியில் இரு திருகாணிகளால் பூட்டி, நான்கு நிற வயர்களையும் இணைத்து, கோணம் பார்க்க வேண்டும். கொன்கோர்ட்டுக்கு இந்த வேலை இல்லை. சுழற்றியின் கை நுனியில் நேரே செருகிப் பூட்டிவிடலாம். ஊசிமுனை வெளியே தெளிவாகத் தெரிவதால், இருண்ட மண்டபத்திலும் உரிய சாலில் இறக்குவது எளிது. 2018 இல் வெளியான அதன் இரண்டாம் தலைமுறையில் வேலைக்கேற்பப் பல வகைகள் உண்டு. 'மிக்ஸ்' என்பது உருண்டை முனை; 'கிளப்' என்பது நீள்வட்ட முனை; 'ஸ்கிராச்' என்பது 10 மில்லிவோல்ற் தரும், 4 கிராம் பாரம் கேட்கும் உருண்டை முனை. பெயரைப் பார்த்தே வேலையை அறிந்துகொள்ளலாம்.

கணினியோடு இணைந்து இயங்கும் முறையையும் குறிப்பிட வேண்டும். 2004 இல் வெளியான செராட்டோ ஸ்கிராச் லைவ் போன்ற ஏற்பாடுகளில், தட்டில் பாட்டு இருப்பதில்லை. சீரான குறியீட்டு ஒலி மாத்திரமே பதிந்திருக்கும். தட்டின் வேகத்தையும் திசையையும் அக்குறியீட்டால் அறிந்து, கணினி தன்னிடமுள்ள பாட்டை இசைக்கின்றது. இங்கு ஊசியின் இனிமைக்கு வேலையில்லை. குறியீடு இடையறாது தெளிவாகச் சென்றால் போதும். எமது திருமண, பூப்புனித நீராட்டு விழா மண்டபங்களில் இம்முறையைக் கையாள விரும்பும் இளைஞர், விலையுயர்ந்த நீள்வட்ட ஊசிக்குப் பணம் செலவிடத் தேவையில்லை. உறுதியான உருண்டை முனை போதுமானது.

இரு சுழற்றிகளிலும் ஒரே வகைக் காட்றிஜையே பூட்டுதல் வேண்டும். ஒன்று 6 மில்லிவோல்ற்றும் மற்றொன்று 10 மில்லிவோல்ற்றும் தருமாயின், பாட்டு மாறும் ஒவ்வொரு தடவையும் ஒலியின் அளவும் தன்மையும் மாறிச் சபையோரை உறுத்தும்.

உற்பத்தி நின்றால் என் செய்வது?

2018 ஆம் ஆண்டு ஸ்கிராச் கலைஞர்களுக்கு ஓர் அதிர்ச்சியைத் தந்தது. காட்றிஜ் உற்பத்தியையும் ஊசி உற்பத்தியையும் நிறுத்துவதாக ஷுவர் நிறுவனம் அவ்வாண்டில் அறிவித்தது. எம் 44-7 ஐ நம்பிப் பழகிய பலரும் கிடைத்த ஊசிகளை வாங்கிச் சேமித்தனர். பழைய கையிருப்பின் விலை ஏறியது.

அவ்வேளை கைகொடுத்தது யப்பானின் ஜிக்கோ நிறுவனம். ஹியோகோ மாகாணத்தில் 1873 இல் தையல் ஊசி செய்யும் தொழிலாகத் தொடங்கி, பின்னர் இசைத்தட்டு ஊசிக்கு மாறிய நிறுவனம் அது. பல நிறுவனங்களின் பழைய காட்றிஜ்களுக்குப் பொருந்தும் மாற்று ஊசிகளை அது இன்றும் செய்துவருகின்றது. எம் 44 வரிசைக்குரிய ஊசிகளும் அவற்றுள் அடங்கும்.

இதிலிருந்து பெறும் படிப்பினை தெளிவானது. காட்றிஜின் உடல் பல்லாண்டு நிலைக்கும், ஊசி தேயும். ஆகவே பழைய காட்றிஜ் ஒன்றை மலிவாகக் கண்டவுடன் வாங்கிவிடலாகாது. அதற்கு மாற்று ஊசி இப்போதும் கிடைக்கின்றதா, என்ன விலை என்பதை முதலில் விசாரியுங்கள். சில வேளைகளில் பழைய உடலின் விலையைவிட மாற்று ஊசியின் விலை அதிகமாயிருக்கும். பழையதை வாங்கும்போது பூதக்கண்ணாடியால் பாருங்கள். தண்டு வளைந்தோ ஒரு பக்கம் சரிந்தோ இருந்தால் ஊசியை மாற்றியே ஆக வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களின் ஊசிகளுக்குப் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. நம்பமுடியாத அளவு குறைந்த விலை காணப்படின் சந்தேகப்படுவதே அறிவுடைமை.

பாரம் வைக்கும் முறை

ஊசி துள்ளுகின்றதென்று காட்றிஜின் மேல் நாணயக் குற்றியை ஒட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது தவறு. ஊசிமுனை சுவரைத் தொடும் பரப்பு மிகமிகச் சிறியது. அதனால் 3 கிராம் என்ற சிறு பாரமே அவ்விடத்தில் பேரழுத்தமாகின்றது. உரிய அளவுக்கு மேல் ஏற்றினால் சுவர் விரைவில் தேய்வதோடு தண்டும் அமுங்கிப்போகும். மறுபுறம், மிகக் குறைந்த பாரமும் தீங்கானதே. முனை சாலில் ஊன்றி நில்லாது இரு சுவர்களிலும் மோதி மோதிச் செல்லும், ஒலி கரகரக்கும், சுவரும் சேதமடையும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட எல்லைக்குள், ஊசி துள்ளாத அளவைத் தெரிவதே முறையாகும்.

அதனைச் செய்யும் விதம் கடினமானதன்று. முதலில், பக்கவாட்டு இழுவையைச் சமன்செய்யும் அன்ரி ஸ்கேற்ரிங் குமிழைச் சுழியில் வைத்து, ஊசியின் மூடியைக் கழற்றுங்கள். ஊசி எதிலும் முட்டாதவாறு கையைத் தட்டின் வெளியே விட்டு, பின்புறமுள்ள எதிர்ப்பாரத்தை மெல்லத் திருகுங்கள். கை மேலும் எழாமல் கீழும் இறங்காமல் தராசுக் கோலைப் போலச் சமமாக மிதக்கும் நிலை வரும். கையைத் தாங்கியில் வைத்துப் பூட்டி, எதிர்ப்பாரத்தை அசையாது பிடித்து, எண் வளையத்தை மாத்திரம் சுழிக்குத் திருப்புங்கள். பின்னர் எதிர்ப்பாரத்தையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஊசிப் பாரம் அளக்கும் சிறு மின் தராசு ஒன்று இருந்தால் அதில் சரிபார்க்கலாம்.

ரெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 சுழற்றியைப் பாவிப்போர் மற்றொன்றையும் நினைவில் வைத்தல் வேண்டும். 1972 இல் அறிமுகமாகி, 1979 இல் இரண்டாம் வடிவம் கண்டு, 2010 இல் உற்பத்தி நின்று, 2016 இல் மீண்டும் வெளிவந்த அச்சுழற்றியே டீஜேக்களின் பொது அளவுகோலாக உள்ளது. அதன் ஹெட்ஷெல்லில் காட்றிஜைப் பூட்டும்போது, ஹெட்ஷெல்லின் பின் ஓரத்திலிருந்து ஊசிமுனை 52 மில்லிமீற்றர் தூரத்தில் நிற்க வேண்டும். வயர்களில் வெள்ளையும் நீலமும் இடப்பக்கத்துக்கும், சிவப்பும் பச்சையும் வலப்பக்கத்துக்கும் உரியன.

வீட்டில் கேட்கும்போது அன்ரி ஸ்கேற்ரிங் அளவை ஊசிப் பாரத்துக்கு இணையாக வைப்பது வழக்கம். ஸ்கிராச் செய்வோர் பலர் அதனைச் சுழியிலேயே விட்டுவிடுகின்றனர். தட்டு முன்னும் பின்னும் அசையும்போது ஒரு திசைக்கென வைத்த சமநிலை மறு திசைக்குப் பொருந்தாமையே அதற்குக் காரணம்.

ஊசியின் ஆயுட்கணக்கு

வைரமும் தேயும். யப்பானின் ஓடியோ ரெக்னிக்கா நிறுவனம் தன் உருண்டை முனைகளுக்கு ஏறத்தாழ 500 மணித்தியாலமும், நீள்வட்ட முனைகளுக்கு ஏறத்தாழ 300 மணித்தியாலமும் ஆயுள் கூறுகின்றது. வேறு நிறுவனங்கள் கூடுதலாகவும் கூறுகின்றன. நாளொன்றுக்கு இரு மணித்தியாலம் பயிற்சி செய்யும் இளைஞர் ஒருவர் 500 மணித்தியாலத்தை 250 நாட்களில், அதாவது எட்டு மாதங்களில், கடந்துவிடுவார். தட்டை இடைவிடாது பின்னிழுப்பவரின் ஊசி அதனிலும் விரைவில் தேயக்கூடும். வாங்கிய திகதியைக் காட்றிஜ் பெட்டியின் மேல் எழுதிவைத்தல் சிறு வேலைதான், பயன் பெரிது.

தேய்ந்த முனை மழுங்கி நின்றுவிடுவதில்லை. சுவரோடு உரசிய பக்கங்கள் தட்டையாகி, அவற்றின் ஓரங்கள் உளியைப் போலக் கூராகின்றன. அந்த உளி ஒவ்வொரு தட்டாக வெட்டிக்கொண்டே செல்லும். உயர்ந்த ஒலிகள் கரகரத்தல், முன்னர் துள்ளாத தட்டில் துள்ளுதல் ஆகியன அதன் அறிகுறிகள். அவை காதுக்குத் தெரியும்போது சேதம் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

நல்ல ஊசியாயினும் ஒரே இடத்தில் பலமுறை முன்னும் பின்னும் இழுத்தால், பாட்டின் தொடக்கத்தில் இரைச்சல் படியும். ஆதலால் பயிற்சிக்கென மலிவான தட்டுகளை வேறாக வைத்துக்கொள்ளுங்கள். அரிதாகக் கிடைத்த தட்டைச் சபையில் இசைப்பதற்கெனக் காத்து வையுங்கள். ஊசியில் சேரும் தூசியை மென்மையான தூரிகையால் பின்னிருந்து முன்னோக்கி மாத்திரம் துடையுங்கள். பக்கவாட்டில் துடைத்தால் தண்டு வளையும். விரலால் தொடவே வேண்டாம்.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய தட்டுகள்

இறுதியாகப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒன்றைக் கூற விரும்புகின்றோம். எமது வீடுகள் சிலவற்றில், கடல்கடந்து வந்த பெட்டிகளுள் ஓரிரு தமிழ் இசைத்தட்டுகளும் வந்து சேர்ந்துள்ளன. பிள்ளை சுழற்றி வாங்கியதும் அவற்றைப் போட்டுக் கேட்கும் ஆவல் எழுவது இயல்பு. ஊசியை இறக்குமுன் அது எவ்வகைத் தட்டு என்று பாருங்கள்.

45 சுற்றுச் சிறு தட்டும் 33⅓ சுற்றுப் பெருந்தட்டும் வைனிலால் ஆனவையாயின், நாம் மேலே கூறிய ஊசிகளாலேயே அவற்றைக் கேட்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பாரமான, உடையக்கூடிய பழைய தட்டோ வேறு இனம். அது அரக்குச் சேர்ந்த கலவையால் ஆனது. மேற்கு நாடுகளில் அவ்வகைத் தட்டுகள் வழக்கொழிந்த பின்னரும், இந்தியாவில் 1960களிலும் அவை அச்சாகின. அவற்றின் சால் மிக அகன்றது. 65 முதல் 75 மைக்ரோமீற்றர் வரையான ஆரை கொண்ட முனை அதற்கு வேண்டும். 18 மைக்ரோமீற்றர் முனையை அதில் இறக்கினால், அது சுவரைத் தொடாது சாலின் அடியில் கிடக்கும் புழுதியிலும் கீறலிலும் இழுபட்டுச் செல்லும். பாட்டுக்குப் பதில் இரைச்சலே கேட்கும்; ஊசியும் கெடும். சில காட்றிஜ்களுக்கு 78 சுற்றுத் தட்டுக்குரிய மாற்று ஊசி தனியாகக் கிடைக்கின்றது. சுழற்றியில் 78 வேகம் உண்டா என்பதையும் பாருங்கள். ரெக்னிக்ஸின் 1979 ஆம் ஆண்டு வடிவத்தில் அது இல்லை. 2019 இல் வந்த ஏழாம் வடிவத்தில் உண்டு. அரக்குத் தட்டை அற்ககோல் கலந்த திரவத்தால் ஒருபோதும் துடைக்க வேண்டாம். அது அரக்கைக் கரைத்துவிடும்.

அத்தட்டுகளில் ஸ்கிராச் பழகுவதை இளையோர் தவிர்க்க வேண்டும். தகுந்த ஊசியால் ஒருமுறை கவனமாக இசைத்து, அதனைக் கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னர் அப்பதிவை உங்கள் கலைக்கு எவ்விதமும் கையாளலாம், மூலத்தட்டும் காக்கப்படும். தாயும் தந்தையும் கேட்ட பாட்டைப் பிள்ளை தன் காலத்துத் தாளத்தோடு இணைப்பதை நாம் குறையாகக் கருதவில்லை. அந்த இணைப்புக்கு மூலம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

எனவே வாங்கப் போகுமுன் உங்களை நீங்களே கேளுங்கள்: நாம் கேட்கப் போகின்றோமா, இணைக்கப் போகின்றோமா, சுரண்டப் போகின்றோமா? விடைக்கேற்ற முனையைத் தெரியுங்கள். உரிய பாரத்தை வையுங்கள். மணித்தியாலத்தைக் கணக்கிட்டு, தேயுமுன் மாற்றுங்கள். சுழற்றியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். நல்ல ஊசியை இன்றே வாங்குங்கள்.